அப்பலோ விக்ரோறியா: படமாளிகை நாடக அரங்கான வரலாறு

இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியிலே சலனப்படம் என்னும் புதுக்கலை உலகெங்கும் பரவியபோது, நாடக அரங்குகள் பல தம் பழைய தொழிலை இழந்தன. நடிகர் நின்ற மேடையில் வெண்திரை தொங்கலாயிற்று. வாத்தியகாரர் இருந்த இடத்தில் ஒலிபெருக்கி அமர்ந்தது. நாடகக் கொட்டகை படக்கொட்டகையாக மாறியமை அக்காலத்து நகரங்களிற் பொதுவாகக் காணப்பட்டதொரு நிகழ்ச்சியாகும். இதற்கு மறுதலையாக, படங் காட்டுதற்கென்றே கட்டப்பெற்ற ஒரு மாளிகை, நாற்பத்தைந்து ஆண்டுகள் அத்தொழிலைச் செய்து ஓய்ந்தபின் நாடக அரங்காகி மறுவாழ்வு பெறுதல் அரிது. அவ்வரிய மாற்றத்தைக் கண்ட கட்டடங்களுள் ஒன்று, இலண்டன் மாநகரிலே விக்ரோறியாப் புகையிரத நிலையத்தின் அருகில் நிற்கும் அப்பலோ விக்ரோறியா அரங்கு.

இவ்வரங்கின் வரலாறு ஒரு கட்டடத்தின் வரலாறு மாத்திரமன்று. ஒரு கலை தளரும்போது அதற்கென எழுந்த மாளிகைகள் என்னாகின்றன, அவற்றுட் சில பிழைப்பதும் பல அழிவதும் எக்காரணங்களால், பிழைத்தவை எவ்விலை கொடுத்துப் பிழைக்கின்றன என்னும் வினாக்களுக்கு விடையும் அதனுள் அடங்கியுள்ளது. அம்மாளிகையிலே ஒருகாலத்தில் மிகையெனத் தோன்றிய உறுப்பொன்றே பிற்காலத்தில் அதனைக் காத்தது என்பதும் இங்கு ஆராயத்தக்கது.

அம்மாளிகை தோன்றிய காலத்தை முதலில் நோக்குதல் வேண்டும். 1927ஆம் ஆண்டு ஒக்ரோபரில் 'ஜாஸ் சிங்கர்' என்னும் படம் நியூயோர்க்கிலே வெளிவந்தது. பேச்சும் பாட்டும் ஆங்காங்கே ஒலித்த அப்படம், 1928ஆம் ஆண்டு செப்ரெம்பரில் இலண்டனிலும் காட்டப்பட்டது. அதுவரை படம் ஊமையாகவே இருந்தது. ஊமைப்படத்துக்கு உயிரூட்டுதற்கு இசை இன்றியமையாதது. ஆதலால் பெரிய படமாளிகைகள் வாத்தியகோஷ்டிகளை வைத்திருந்தன. படங்களுக்கிடையே ஆடலும் பாடலும் நகைச்சுவையும் மாயவித்தையும் கலந்த பல்சுவை மேடைநிகழ்ச்சிகளும் நடைபெற்றன. ஒரே கட்டணத்திற் படமும் மேடைநிகழ்ச்சியும் காணலாம் என்பது மக்களைக் கவர்ந்தது. பேசும்படம் நிலைக்குமோ, நிலைப்பின் மேடைநிகழ்ச்சி வேண்டப்படுமோ என்பதை 1928ஆம் ஆண்டில் எவரும் அறுதியிட்டுக் கூறவியலாது. எனவே அவ்வேளையிற் பெரும்பொருள் முடக்கிப் படமாளிகை எழுப்பியோர் இருபக்கமும் காலூன்றினர். திரைக்கும் இடமமைத்தனர், மேடைக்கும் இடமமைத்தனர்.

புரொவின்சியல் சினிமாட்டோகிராப் தியேட்டர்ஸ் என்னும் நிறுவனம் அத்தகையோருள் ஒன்று. அது கோமொண்ட் பிரிட்டிஷ் என்னும் பெரிய படநிறுவனத்தின் ஆட்சிக்குட்பட்டிருந்தது. விக்ரோறியாப் புகையிரத நிலையத்தை அடுத்து, வில்ற்றன் வீதிக்கும் வோக்ஸ்ஹோல் பாலவீதிக்கும் இடைப்பட்ட நிலத்தில் 'நியூ விக்ரோறியா' என்னும் படமாளிகையை அந்நிறுவனம் கட்டுவித்தது. ஏர்னெஸ்ற் வோம்ஸ்லி லூயிஸ் என்னும் இளங் கட்டடக் கலைஞர் அதனை வகுத்தார். நிறுவனத்தின் தலைமைக் கட்டடக் கலைஞராகிய வில்லியம் எட்வேட் ரென்ற் அவருக்குத் துணைநின்றார். 1928ஆம் ஆண்டிலே தொடங்கிய முயற்சி 1930ஆம் ஆண்டில் நிறைவெய்தியது.

அக்காலத்துப் பெரும்படமாளிகைகள் தம்மை வேறொரு நாடாகவோ வேறொரு காலமாகவோ காட்டிக்கொள்ள விரும்பின. அதே ஆண்டிலே இலண்டனின் வடபகுதியிலே திறக்கப்பட்ட பின்ஸ்பரிபார்க் அஸ்ரோறியா என்னும் மாளிகையினுள்ளே, ஸ்பானிய நாட்டு மூர்களின் ஊரொன்று இரவு வானத்தின்கீழ் விரிந்திருப்பதுபோலத் தோற்றம் அமைக்கப்பட்டது. 1931ஆம் ஆண்டிலே திறக்கப்பட்ட ரூற்றிங் கிறனடா, மத்திய காலத்துத் தேவாலயம்போன்ற கூர்வளைவுகளைக் கொண்டது. ஒருநாள் முழுதும் கந்தோரிலோ தொழிற்சாலையிலோ உழைத்த மனிதன், சில பென்சு நாணயங்களைக் கொடுத்துவிட்டு ஓர் அரண்மனைக்குள் நுழைவதாக எண்ணி மகிழவேண்டும் என்பதே அவற்றை அமைத்தோரின் கருத்து.

லூயிஸ் அவ்வழியிற் செல்லவில்லை. ஜேர்மனியிலே முதலாம் உலகப்போருக்குப் பின்னர் எழுந்த புதிய கட்டடக்கலை அவர் மனத்தைக் கவர்ந்திருந்தது. பேர்லின் நகரிலே ஹான்ஸ் போல்சிக் என்பவர் 1919ஆம் ஆண்டில் அமைத்த பெருநாடக அரங்கில், கூரையிலிருந்து கற்பனிக்கம்பிகள் தொங்குவதுபோன்ற உறுப்புகள் அடுக்கடுக்காக அமைந்திருந்தன. அவ்வரங்கின் சாயலை நியூ விக்ரோறியாவிற் காணலாம். ஆயினும் லூயிஸ் கண்ட கனவு தனித்தது. வந்தோர் தாம் கடலின் அடியிலுள்ள மாளிகையொன்றில் இருப்பதாக உணரவேண்டும் என அவர் விரும்பினார். அதற்கேற்ப உள்ளரங்கின் சுவர்களிலே சிப்பியும் நீரூற்றும் போன்ற விளக்குகள் அமைந்தன. பச்சையும் நீலமும் கலந்த ஒளி மறைவிடங்களிலிருந்து கசிந்தது.

புறத்தோற்றமோ இதற்கு மாறானது. சிற்பவேலை நிறைந்த தூண்களும் கோபுரங்களும் அங்கில்லை. கிடையாக ஓடும் நீண்ட பட்டைகளே முகப்பின் அழகு. மாளிகை இரு வீதிகளுக்கும் இடையில் நிற்றலால் அதற்கு இரு முகப்புகள் உண்டு. இரண்டும் ஏறத்தாழ ஒரே தோற்றத்தன. எவ்வீதியால் வந்தாலும் அதுவே முன்வாயில். அரங்கின் கீழ்ப்பகுதி நிலமட்டத்துக்குக் கீழே அமைந்துள்ளது. ஆதலால் வீதியிலிருந்து நுழைவோர் கீழ்த்தட்டு ஆசனங்களை அடைவதற்குப் படியிறங்கிச் செல்லல் வேண்டும். கடலடி மாளிகை என்னும் கற்பனைக்கு இவ்விறக்கம் பொருத்தமாக அமைந்தது. ஏறத்தாழ 2,800 பேர் அமர்தற்கு அங்கு இடமிருந்தது.

1930ஆம் ஆண்டு ஒக்ரோபர் 15ஆந் திகதி நியூ விக்ரோறியா திறக்கப்பட்டது. ஜோர்ஜ் ஆர்லிஸ் என்னும் புகழ்பெற்ற நடிகர் நடித்த 'ஓல்ட் இங்கிலிஷ்' என்னும் பேசும்படம் அன்று காட்டப்பட்டது. படத்தோடு மேடைநிகழ்ச்சியும் இடம்பெற்றது. கொம்ப்ரன் நிறுவனத்தார் அமைத்த பெரிய ஓர்கன் வாத்தியமும் அங்கிருந்தது. மேடையும் நடிகர் ஒப்பனை செய்துகொள்ளும் அறைகளும் படமாளிகையின் பகுதிகளாகவே அமைக்கப்பட்டிருந்தன.

ஆனால் காலம் விரைந்து மாறியது. பேசும்படம் ஓரிரு ஆண்டுகளுள்ளேயே ஐயத்துக்கிடமின்றி வென்றது. படச்சுருளுடன் இசையும் பேச்சும் சேர்ந்தே வந்தமையால், வாத்தியகோஷ்டிக்கும் ஆடற்குழுவுக்கும் வாரந்தோறும் சம்பளங் கொடுத்தல் வேண்டாத செலவாயிற்று. மேடைநிகழ்ச்சிகள் படமாளிகைகளிற் படிப்படியாக அருகின. பெரும்பொருள் செலவிட்டு அமைத்த மேடைகள் வெண்திரையின் பின்னே இருண்டுகிடந்தன. கணக்கறிந்த ஒருவர் 1930களின் பிற்பகுதியில் அம்மாளிகையின் வரைபடத்தை நோக்கியிருந்தால், மேடையும் ஒப்பனை அறைகளும் வீண்செலவு என்றே கூறியிருப்பார். அக்காலத்து அறிவுக்கு அது நியாயமான தீர்ப்பே.

இரண்டாம் உலகப்போரில் இலண்டன்மீது குண்டுமாரி பொழிந்தபோது மாளிகை சிலகாலம் மூடப்பட்டுப் பின்னர் திறக்கப்பட்டது. போர்முடிந்த மறு ஆண்டே பிரித்தானியாவிற் படம்பார்த்தல் உச்சநிலையை எய்தியது. 1946ஆம் ஆண்டிலே அந்நாட்டின் படமாளிகைகளில் விற்பனையான அனுமதிச் சீட்டுகள் 163 கோடிக்கு மேற்பட்டன. அதன்பின் தொடங்கியது வீழ்ச்சி. 1953ஆம் ஆண்டு யூன் மாதத்தில் இரண்டாம் எலிசபெத் மகாராணியாரின் முடிசூட்டு விழாவைக் காண்பதற்காகப் பல குடும்பங்கள் தொலைக்காட்சிப் பெட்டி வாங்கின. 1955ஆம் ஆண்டிலே விளம்பர வருவாயில் நடக்கும் தொலைக்காட்சியும் தொடங்கியது. வீட்டின் முன்னறையிலே படம் வந்தபின், மழையில் நனைந்து வீதிக்குச் செல்வானேன் என மக்கள் எண்ணலாயினர். 1984ஆம் ஆண்டில் அச்சீட்டுகளின் தொகை 5 கோடியே 40 இலட்சம் என்னும் அளவிற்குக் குறைந்தது. முப்பத்தெட்டு ஆண்டுகளில் முப்பதிலொரு பங்காயிற்று எனலாம்.

வீழ்ச்சி முதலில் தாக்கியது பெரிய மாளிகைகளையே. ஐந்நூறு பேர் அமரும் கொட்டகையில் இருநூறு பேர் வந்தாற் கொட்டகை உயிரோடிருப்பதாகத் தோன்றும். மூவாயிரம் பேர் அமரும் மாளிகையில் அவ்விருநூறு பேரும் பாழ்வெளியிற் சிதறியவர்போல் இருப்பர். வெப்பமூட்டுதல், துப்புரவு, பழுதுபார்த்தல் என்னுஞ் செலவுகளோ வந்தவர் தொகையைக் கேட்டுக் குறைவனவல்ல. இதனாலே 1930ஐ ஒட்டித் தோன்றிய மாளிகைகள் வெவ்வேறு கதிகளை அடைந்தன. நியூ விக்ரோறியா திறந்து இரண்டு மாதங்களின்பின் எலிபன்ற் அன் காசில் பகுதியிலே திறக்கப்பட்ட ரொக்கடேரோ, மூவாயிரம் பேருக்கு மேல் அமரக்கூடியது. 1963ஆம் ஆண்டில் அது இடித்துத் தள்ளப்பட்டது. ரூற்றிங் கிறனடா, படத்தொழில் ஒழிந்தபின், 1976ஆம் ஆண்டிலே பிங்கோ என்னும் எண்விளையாட்டுக்குரிய கூடமாயிற்று. பின்ஸ்பரிபார்க் அஸ்ரோறியா, 1970களில் றெயின்போ என்னும் பெயரோடு இசையரங்காக விளங்கிப் பின்னர் மூடுண்டு, 1995ஆம் ஆண்டின்பின் கிறித்தவ வழிபாட்டிடமாயிற்று. வேறு பல, சுவரெழுப்பி இரண்டு மூன்று சிறு கொட்டகைகளாகப் பிரிக்கப்பட்டன.

நியூ விக்ரோறியாவும் இவ்வாபத்துக்குப் புறம்பாக இருக்கவில்லை. இடிக்கப்படும் அபாயமும் அதனை அணுகிச் சென்றது. ஆயினும் 1972ஆம் ஆண்டிலே அது சட்டத்தாற் காக்கப்படும் கட்டடங்களின் வரிசையிற் சேர்க்கப்பட்டது. இங்கிலாந்திலே வரலாற்றுச் சிறப்போ கலைச்சிறப்போ உடைய கட்டடங்கள் ஒரு பட்டியலிற் பதியப்படும். அப்பட்டியலில் மூன்று தரங்கள் உண்டு. நியூ விக்ரோறியா அவற்றுள் நடுத்தரத்தைப் பெற்றது. அவ்வாறு பதியப்பட்ட கட்டடத்தை உரிமையாளர் தாம் நினைத்தவாறு இடிக்கவோ அதன் சிறப்பியல்பு கெடுமாறு மாற்றவோ இயலாது. அதற்குத் தனியே அனுமதி பெறல்வேண்டும். நூறாண்டு முதிராத படமாளிகையொன்றைத் தேவாலயங்களோடும் பிரபுக்களின் மாளிகைகளோடும் ஒரே பட்டியலில் வைத்துப் போற்றுதல் அக்காலத்திற் புதுமையான எண்ணமாகும்.

எனினும் சட்டம் இடிப்பதைத் தடுக்கலாம், பிழைக்க வழிசெய்யாது. பட்டியலிற் சேர்ந்த மூன்றாண்டுகளின் பின்னர், 1975ஆம் ஆண்டு நவம்பர் மாதத் தொடக்கத்தில், நியூ விக்ரோறியாவில் இறுதிப்படம் காட்டப்பட்டது. கதவுகள் மூடப்பட்டன. ஐந்தாண்டுகளுக்கு மேலாக அக்கடலடி மாளிகை இருளில் மூழ்கிக்கிடந்தது. இடிக்கவும் முடியாது, நடத்தவும் ஆளில்லை என்னும் நிலையே காக்கப்பட்ட கட்டடங்களுக்கு நேரும் பெருந்துன்பம். கூரை ஒழுகத் தொடங்கினால், எந்தச் சட்டமும் வாளியேந்தி நிற்பதில்லை.

இந்நிலையிலேதான் ஒருகாலத்து வீண்செலவு கைகொடுத்தது. வெண்திரையின் பின்னே மேடையிருந்தது, நடிகருக்கு அறைகளிருந்தன. இவை இல்லாத படமாளிகையை நாடக அரங்காக்குதல் புதிதாகக் கட்டுவதற்கொப்பான வேலை. நாடகத்துக்கு வேண்டுவது நடிகர் நிற்கும் பலகை மாத்திரமன்று. காட்சித்திரைகளை மேலே இழுத்து மறைத்தற்கு உயர்ந்த வெளியும், பொருள்களை ஒதுக்கிவைப்பதற்குப் பக்கவெளியும், நடிகர் வந்துசெல்லும் வழியும், ஒப்பனை அறைகளும் வேண்டும். வெறுஞ்சுவரின்மீது திரைகட்டிய மாளிகைகளில் இவற்றுள் ஒன்றுமில்லை. நியூ விக்ரோறியாவில் 1930ஆம் ஆண்டின் ஐயப்பாடு இவற்றையெல்லாம் சேமித்து வைத்திருந்தது.

மேடையொன்றே மாளிகையைக் காத்தது எனக் கூறின் அது முழு உண்மையாகாது. ரொக்கடேரோவிலும் மேடையிருந்தது, அது பிழைக்கவில்லை. பின்ஸ்பரிபார்க்கிலும் மேடையிருந்தது, அது பொது அரங்காக நீடிக்கவில்லை. நியூ விக்ரோறியாவுக்கு மேடையோடு இடமும் சட்டமும் சேர்ந்து உதவின. தென்னிங்கிலாந்தின் பல ஊர்களிலிருந்து வரும் புகையிரதங்கள் அதன் வாசலிலே வந்து நிற்கின்றன. மாலையில் வந்து நாடகம் பார்த்து இரவிலே திரும்புவோருக்கு அதனினும் வசதியான இடமில்லை. பெருஞ்செலவிலே தயாரிக்கப்படும் இசைநாடகங்களுக்கு இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட ஆசனங்கள் கொண்ட அரங்கு வேண்டும். படமாளிகைக்குச் சுமையாக இருந்த பருமையே இசைநாடகத்துக்கு வாய்ப்பாயிற்று.

அப்பலோ என்னும் பொழுதுபோக்கு நிறுவனம் மாளிகையைப் புதுப்பித்து, 1981ஆம் ஆண்டு பெப்ரவரி மாதத்தில் அப்பலோ விக்ரோறியா என்னும் பெயரோடு திறந்தது. சேர்லி பாசி என்னும் பாடகியின் இசைநிகழ்ச்சியுடன் அரங்கு மீண்டும் ஒளிபெற்றது. அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்திலே 'சவுண்ட் ஒவ் மியூசிக்' என்னும் இசைநாடகம் பெற்றூலா கிளாக் தலைமைப் பாத்திரமேற்க அரங்கேறியது. இந்நாடகம் 1959ஆம் ஆண்டில் நியூயோர்க் மேடையிலே பிறந்தது. 1965ஆம் ஆண்டிலே படமாகி உலகெங்கும் ஓடியது. படத்தைக் கண்டு அதன் பாட்டுக்களை மனனம்பண்ணிய மக்கள், அதனை மேடையிற் காண ஒரு பழைய படமாளிகைக்குத் திரளாக வந்தனர். மேடையைத் தோற்கடித்த திரையே மேடைக்கு ஆள்சேர்த்துக் கொடுத்தமை இங்குக் கருதத்தக்கது.

1984ஆம் ஆண்டு மார்ச் 27ஆந் திகதி 'ஸ்ரார்லைற் எக்ஸ்பிறஸ்' என்னும் இசைநாடகம் தொடங்கியது. அன்றூ லொயிட் வெபர் அதற்கு இசையமைத்தார். ட்றெவர் நண் அதனை நெறிப்படுத்தினார். புகையிரத வண்டிகளே அதன் பாத்திரங்கள். நடிகர் சில்லுப் பூட்டிய சப்பாத்தணிந்து மேடையில் மாத்திரமன்றி, பார்வையாளரைச் சுற்றி அமைத்த பாதைகளிலும் விரைந்தோடினர். புகையிரத நிலையத்தின் எதிரே புகையிரதங்களைப் பற்றிய நாடகம் நடந்தது தற்செயலாக நேர்ந்ததெனினும் மக்கள் நினைவில் நின்றது. 2002ஆம் ஆண்டு ஜனவரி 12ஆந் திகதிவரை, ஏறத்தாழப் பதினெட்டு ஆண்டுகளில், அது 7,409 முறை நடிக்கப்பட்டது.

இவ்வெற்றியினுள்ளே ஒரு முரண்பாடும் ஒளிந்திருந்தது. ஓட்டப்பாதைகளுக்கும் பாலங்களுக்கும் இடங்கொடுப்பதற்காக உள்ளரங்கு பெரிதும் மாற்றப்பட்டது. லூயிஸ் கண்ட கடலடி மாளிகையின் வடிவம் அவ்வமைப்புகளின் பின்னே மறைந்தது. அந்நாடகத்தைக் காணவந்த மக்கள், எத்தகைய மாளிகையில் அமர்ந்திருக்கிறோம் என்பதை அறியும் வாய்ப்பைப் பெரிதும் இழந்தனர். அதேவேளை, அவர்கள் கொடுத்த கட்டணமே அம்மாளிகையின் கூரையை ஒழுகாமற் காத்தது. முகத்தை மறைத்தவனே உயிரைக் காத்தவனுமாவான் என்பது போன்ற நிலை அது. பழங்கட்டடங்களைப் பேணுவோர் இக்கேள்வியை எங்கும் எதிர்நோக்குகின்றனர்: மாறாது நின்று பாழாதல் நன்றோ, மாறி நின்று பயன்படுதல் நன்றோ?

அப்பலோ விக்ரோறியா இதற்கு அளித்த விடை நிதானமானது. மாற்றங்கள் நிகழலாம், ஆனால் அவை பின்னர் நீக்கக்கூடியனவாக இருத்தல் வேண்டும். அந்நாடகம் முடிந்தபின் ஓட்டப்பாதைகள் அகற்றப்பட்டன. உள்ளரங்கின் பழைய வேலைப்பாடு திருத்தப்பட்டது. சிப்பியும் நீரூற்றும் போன்ற விளக்குகள் மீண்டும் ஒளிர்ந்தன. பின்னாளில் அவற்றுள்ளே மின்சாரம் குறைவாகச் செலவாகும் புதுவகை விளக்குகள் பொருத்தப்பட்டன. ஒளி பழையது, அதனைத் தருங் கருவி புதியது.

2002ஆம் ஆண்டு யூன் 19ஆந் திகதி அவ்வரங்கிலே தொடங்கிய நாடகம் தமிழ் மக்கள் தனியே கருதத்தக்கது. 'பொம்பே ட்றீம்ஸ்' என்னும் அவ்விசைநாடகத்துக்கு இசையமைத்தவர் ஏ. ஆர். ரஹ்மான். சென்னையிலே பிறந்து, 1992ஆம் ஆண்டில் 'ரோஜா' என்னும் தமிழ்ப்படத்தின் மூலம் இசையமைப்பாளராக அறிமுகமான அவருக்கு, மேனாட்டு மேடையிலே அமைந்த முதல் இசைநாடகம் இதுவே. லொயிட் வெபர் அதனைத் தயாரித்தார். டொன் பிளாக் பாடல்களை எழுதினார். மீரா சயால் உரையாடல் எழுதினார். பம்பாய்ச் சேரியொன்றில் வாழும் இளைஞன் படநடிகனாகிப் புகழடைதலும், அப்புகழால் தன் சுற்றத்தை மறத்தலும் கதையின் கரு. 1999ஆம் ஆண்டிலே வெளிவந்த 'முதல்வன்' என்னும் தமிழ்ப்படத்துக்காக ரஹ்மான் அமைத்த ஒரு மெட்டும் அந்நாடகத்தில் இடம்பெற்றது. தமிழ்நாட்டுப் படக்கொட்டகைகளில் முதலில் ஒலித்த இசை, இலண்டனிலே படமாளிகையாகப் பிறந்த ஓர் அரங்கின் மேடையிலிருந்து ஆங்கிலச் சொற்களுடன் ஒலித்தது. மேலும், படவுலகைக் கருவாகக் கொண்ட நாடகம், படம் வெளியேறிய மாளிகையிலே நடைபெற்றது. துரத்தப்பட்ட திரை கதையாகத் திரும்பிவந்தது எனலாம். 2004ஆம் ஆண்டு யூன் 13ஆந் திகதி அந்நாடகம் நிறைவெய்தியது.

அதன்பின் 'சற்றடே நைற் பீவர்' முதலாய இசைநாடகங்கள் சிலகாலம் நடந்தன. 2006ஆம் ஆண்டு செப்ரெம்பர் 27ஆந் திகதி தொடங்கிய 'விக்கெட்' என்னும் இசைநாடகம் முன்னைய நாடகங்கள் எல்லாவற்றையும் விஞ்சி நீடித்தது. கொள்ளைநோய் காரணமாக 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இலண்டன் அரங்குகள் யாவும் மூடப்பட்டபோது அதுவும் நின்றது. 2021ஆம் ஆண்டு செப்ரெம்பரில் மீண்டும் தொடங்கியது. இந்நாடகத்தின் மூலமும் கருதத்தக்கது. 1939ஆம் ஆண்டிலே படமாகிய 'விசாட் ஒவ் ஒஸ்' கதையின் மறுபக்கத்தைக் கூறும் நாவலொன்று 1995ஆம் ஆண்டில் வெளிவந்தது. அந்நாவல் 2003ஆம் ஆண்டில் நியூயோர்க்கில் இசைநாடகமாயிற்று. 2024ஆம் ஆண்டில் அவ்விசைநாடகம் படமாயிற்று. நூலும் திரையும் மேடையும் ஒன்றிலிருந்து ஒன்று பெற்றுக்கொண்டே செல்கின்றன. ஒன்று மற்றொன்றை அழித்துவிடும் என்று 1930ஆம் ஆண்டில் அஞ்சியோர் அறியாத உண்மை இது.

மாளிகை பிழைத்தது, எனினும் அதனுள் எல்லாம் பிழைத்தன என்று கொள்ளலாகாது. 1930ஆம் ஆண்டிலே படமாளிகை என்பது எளியோரின் அரண்மனையாகும். கடைச்சிப்பந்தியும் கந்தோர் எழுதுநரும் வேலைக்காரப் பெண்ணும் வாரந்தோறும் அங்குச் சென்றனர், கம்பளத்தின்மீது நடந்தனர், மெத்தையாசனத்தில் அமர்ந்தனர். அத்தகைய இன்பம் அவர்களுக்கு வேறெங்கும் கிட்டியதில்லை. பெரிய இசைநாடகமொன்றின் நல்ல ஆசனத்துக்குரிய கட்டணமோ படச்சீட்டின் விலையிற் பன்மடங்கு. வாரந்தோறும் சென்ற இடம், பிறந்தநாளுக்கோ விடுமுறைக்கோ ஒருமுறை செல்லும் இடமாயிற்று. சுவரும் விளக்கும் காக்கப்பட்டன. அவை யாருக்காக ஏற்றப்பட்டனவோ அவர்களுட் பலர் வெளியே நின்றனர். இவ்விழப்பைக் குறிக்கும் ஏடு எந்தப் பாதுகாப்புப் பட்டியலிலும் இல்லை.

ஆயினும் இழப்பை எண்ணி மாளிகையின் பிழைப்பை இகழ்தல் நேரியதன்று. ரொக்கடேரோவை இடித்தபோது, எளியோரின் அரண்மனையும் போயிற்று, அதன் சுவரும் போயிற்று. நியூ விக்ரோறியாவிலோ, சுவராவது நின்று பழைய காலத்துக்குச் சான்று பகர்கின்றது. வாசலிலிருந்து படியிறங்கிச் சென்று, சிப்பி விளக்குகளின் ஒளியில் ஆசனத்தைத் தேடும் ஒருவன், 1930ஆம் ஆண்டின் கந்தோர் எழுதுநன் கண்ட அதே காட்சியைக் காண்கிறான். அவ்வெழுதுநனை அவன் அறியான்; ஆயினும் அவனுக்காக அமைத்த அழகே தனக்கும் கிடைத்தது என்பதை அறிந்தால், அந்த அழகு எல்லோர்க்கும் எட்டவேண்டும் என்னும் எண்ணமும் பிறத்தல் கூடும்.

இவ்வரங்கின் வரலாற்றிலிருந்து பெறப்படுவன மூன்று. சட்டமொன்றே ஒரு கட்டடத்தைக் காவாது. அதற்கொரு தொழில் வேண்டும். தொழில்மாறும்போது கட்டடமும் சிறிது மாறும். அம்மாற்றம் நீக்கக்கூடியதாக இருப்பின் தீங்கில்லை. மூன்றாவதே யாவற்றினும் முதன்மையானது: இன்று மிகையென்று தோன்றுவது நாளை மிகையாகாதிருக்கலாம். வெண்திரையின் பின்னே நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பெரும்பாலும் இருண்டுகிடந்த மேடையை எவரேனும் பயனற்றதெனப் பெயர்த்திருப்பின், 1981ஆம் ஆண்டில் அங்கு விளக்கேற்ற வழியிருந்திராது. மேடையை அமைத்தோர் வருங்காலத்தை அறிந்து அமைத்தாரல்லர். அறியாமையினால் இருவழியும் திறந்துவைத்தனர். அவ்வறியாமையின் அடக்கமே ஒரு மாளிகையைக் காத்தது.